‘தி லோன்லி புல்’: ஒரே ஆள் ஊதுன ரெண்டு டிரம்பெட்டோட கதை (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

முதல்ல, எந்தப் பாட்டைப் பத்திப் பேசுறோம்?

1962ல அமெரிக்காவுல வந்த ‘தி லோன்லி புல்’. தமிழ்ல ‘தனிச்சு நிக்கிற காளை’ன்னு வெச்சுக்கலாம். பாட்டுன்னு சொல்றோமே தவிர இதுல வரிகளே கிடையாது, முழுக்க வாத்தியம்தான். பின்னாடி கோரஸ் குரல் வரும், அதுலயும் வார்த்தை இருக்காது, வெறும் இழுவைதான். ரெண்டு நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல ஓடி முடிஞ்சிரும். ரெக்கார்டு லேபிள்ல போட்டிருந்த பேரு ‘தி டிஹுவானா பிராஸ், ஃபீச்சரிங் ஹெர்ப் ஆல்பர்ட்’. ஆரம்பத்துல ஒரு பெரிய கூட்டத்தோட இரைச்சல் கேக்கும், அதைக் கிழிச்சுக்கிட்டு ஒரு டிரம்பெட் அழைப்பு, அப்புறம் தாளம் சேர்ந்துக்கும், அதுக்கு மேல கொஞ்சம் சோகமா, ஆனா தலை நிமிர்ந்து நடக்குற மாதிரி ஒரு மெட்டு. அமெரிக்காவுல வாராவாரம் எந்தப் பாட்டு ஹிட்டுன்னு வரிசைப்படுத்துற பில்போர்டு ஹாட் 100 லிஸ்ட்ல 6வது இடம் வரைக்கும் போச்சு.

ஹெர்ப் ஆல்பர்ட் மெக்சிகோக்காரரா?

இதுதான் எல்லாரும் கேக்குற கேள்வி. இல்ல. 1935ல லாஸ் ஏஞ்சலஸ்ல பிறந்தவர், பாயில் ஹைட்ஸ்ங்கிற பகுதி, யூதக் குடும்பம், பெத்தவங்க கிழக்கு ஐரோப்பாவுல இருந்து வந்தவங்க. அப்பா தையல் வேலை பாத்தவர், மாண்டலினும் வாசிப்பார். அம்மாவுக்கு வயலின் தெரியும். இவருக்கு எட்டு வயசுல டிரம்பெட் கைக்கு வந்துச்சு. அப்புறம் பட்டாளத்துல இருந்த காலத்துலயும் பேண்டுல டிரம்பெட்தான். ஆக இது திடீர்னு ஒரு நாள் அடிச்ச அதிர்ஷ்டம் இல்ல, 1962க்குள்ள மனுஷன் இருபது வருஷத்துக்கு நெருக்கமா ஊதித் தள்ளியிருந்தார்.

வேலைன்னு பாத்தா லூ ஆட்லர்ங்கிறவரோட சேர்ந்து பாட்டு எழுதிட்டு இருந்தார், சாம் குக் பாடுன ‘வொண்டர்ஃபுல் வேர்ல்டு’ பாட்டுல இவங்க ரெண்டு பேரோட பேரும் இருக்கு. ‘டோர் ஆல்பர்ட்’னு பேரு வெச்சுக்கிட்டுப் பாடகராவும் முயற்சி பண்ணாரு, அது பெருசா எடுபடல. பாடகரா பேரு கிடைக்காத அந்த நேரத்துலதான் இந்த டிரம்பெட் கதை ஆரம்பிக்குது.

இந்த மெட்டு அவர் போட்டதா?

இல்ல, மெட்டு சால் லேக்ங்கிற இசையமைப்பாளரோடது. இதை நான் அழுத்திச் சொல்றேன், ஏன்னா அந்த மனுஷன் பேரு பல இடத்துல விட்டுப் போயிருது. சால் லேக் எழுதுனப்போ அதுக்குப் பேரு ‘ட்விங்கிள் ஸ்டார்’. நட்சத்திரம் மினுக்குறது! காளையும் கிடையாது, மெக்சிகோவும் கிடையாது. ஆல்பர்ட் தன் வீட்டு கராஜ்ல (மேற்கு ஹாலிவுட் பக்கம், வெஸ்ட்போர்ன் டிரைவ்ங்கிற தெரு) ஒரு சின்ன ரெக்கார்டிங் ஏற்பாடு வெச்சிருந்தார், அங்க இந்த மெட்டை வெச்சு விதவிதமா பண்ணிப் பாத்துட்டு இருந்தார், நல்லா இருக்கு ஆனா என்னமோ குறையுதுன்னு ஒரு நிலைமை.

அதே சால் லேக் அப்புறமும் இவங்களுக்கு நெறைய மெட்டு குடுத்தார். ‘மெக்சிகன் ஷஃபிள்’ அவரோடதுதான், அது பின்னாடி ஒரு சூயிங்கம் விளம்பரத்துக்கு டியூனாப் போச்சு. ‘பிட்டர்ஸ்வீட் சம்பா’வும் அவரோடதுதான், ஜப்பான்ல ‘ஆல் நைட் நிப்பான்’னு 1967ல ஆரம்பிச்ச ஒரு ராத்திரி ரேடியோ நிகழ்ச்சிக்கு அதுதான் அடையாள இசை. தலைமுறை தலைமுறையா ஜப்பான் பசங்க நடுராத்திரி படிச்சுக்கிட்டே கேட்ட மெட்டு அது, போட்டவர் பேரு அதுல எத்தனை பேருக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சா எனக்கு மனசு கனக்கும்.

அப்போ காளை எங்க இருந்து வந்துச்சு?

டிஹுவானாவுல இருந்து. டிஹுவானாங்கிறது மெக்சிகோவோட வடமேற்கு மூலை, அமெரிக்க எல்லையைத் தாண்டுனதும் வர்ற ஊரு, லாஸ் ஏஞ்சலஸ்ல இருந்து கார் எடுத்தா காலைல கிளம்பி மத்தியானத்துக்குள்ள போயிரலாம். அங்க நடக்குற காளைச் சண்டை பாக்க எல்லை தாண்டிப் போறது அந்தக் காலத்து லாஸ் ஏஞ்சலஸ்காரங்களுக்கு ஒரு வழக்கமான ஞாயித்துக்கிழமைப் பொழுதுபோக்கு.

ஆல்பர்ட்டை அங்க பிடிச்சு இழுத்தது சண்டையை விட சத்தம். காளைச் சண்டை மைதானத்துல ஒரு பிராஸ் பேண்டு, அதாவது டிரம்பெட் மாதிரி பித்தளை ஊது வாத்தியக் குழு, உக்காந்திருக்கும். ஒவ்வொரு காளையை உள்ள விடுறதுக்கு முன்னாடியும், சண்டையோட ஒவ்வொரு கட்டம் மாறும்போதும் டிரம்பெட்டுல ஒரு அழைப்பு ஊதுவாங்க. வழக்கமா ஒரு நாளைக்கு ஆறு காளை, மூணு பேரு மோதுவாங்க, ஆளுக்கு ரெண்டு. அப்படின்னா அன்னைக்கு முழுக்க அந்த அழைப்பு திரும்பத் திரும்பக் காதுல விழுந்துக்கிட்டே இருக்கும். அது கேட்ட உடனே ஆயிரக்கணக்கான ஜனம் ஒரு நொடி மூச்சை அடக்கும், கதவு திறக்கும், காளை வெளிய வரும், ‘ஓலே!’ன்னு கத்தல் வெடிக்கும். அந்த டிரம்பெட், அந்தக் கூச்சல், காளையோட சீறல், எல்லாம் சேர்ந்து அவர் மண்டைக்குள்ள ஒரே கட்டமா உக்காந்துருச்சு. வீட்டுக்கு வந்து ‘ட்விங்கிள் ஸ்டார்’ மெட்டை எடுத்து அதுக்கு முன்னாடி அந்த அழைப்பை வெச்சு, தாளத்தை மாத்தி, டிரம்பெட் ஊதுற தோரணையையும் மாத்துனார். பேரும் மாறுச்சு.

லேபிள்லயும் ஆல்பத்துலயும் ஸ்பானிஷ்ல ‘எல் சோலோ டோரோ’ன்னு கூடவே போட்டாங்க. ஸ்பானிஷ் தெரிஞ்சவங்க இதைப் பாத்தா உடனே நிப்பாங்க, ஏன்னா தனிமைல இருக்கிற காளைன்னு சொல்லணும்னா ‘டோரோ’ முன்னாடி வரணும், ‘சோலோ’ பின்னாடி வரணும். இங்க இங்கிலீஷ் வரிசையில அப்படியே ஸ்பானிஷ் வார்த்தையை அடுக்கியிருக்காங்க. இந்த ரெக்கார்டை யாரு, எங்க உக்காந்து செஞ்சாங்கன்னு அந்த மூணு வார்த்தையே சொல்லிருது.

சரி, இது மெக்சிகோவோட மரியாச்சி இசைதானா?

நேர்மையா சொன்னா இல்ல. மரியாச்சியோட சாயல் இருக்கு, நெறம் இருக்கு, ஆனா மரியாச்சி இல்ல. ஆல்பர்ட்டே இதை மரியாச்சின்னு உரிமை கொண்டாடுனவர் இல்ல. இதைச் சொல்றதால பாட்டோட மதிப்பு குறையாது, ஆனா மரியாச்சிங்கிற பெரிய பாரம்பரியத்துக்கு இந்த மரியாதையாவது நாம குடுக்கணும்.

மரியாச்சி மெக்சிகோவோட மேற்குப் பகுதியில, முக்கியமா ஹலிஸ்கோ மாநிலத்துப் பக்கம் கிராமங்கள்ல வளந்த இசை. அதோட உயிர் நரம்பு வாத்தியங்கள்தான்: வயலின்கள், அந்தக் காலத்துல ஹார்ப்பும், அப்புறம் விஹுவேலா, கித்தார்ரோன். விஹுவேலா அஞ்சு நரம்பு உள்ள சின்ன கிட்டார், பின்பக்கம் தட்டையா இல்லாம முதுகு புடைச்ச மாதிரி இருக்கும், தாளத்துக்குச் சளசளன்னு வெட்டி வெட்டி அடிப்பாங்க. கித்தார்ரோன்தான் பேஸ். பாத்தீங்கன்னா கிட்டத்தட்ட ஒரு கொழந்தையைத் தூக்கி வயித்துல சாச்சு வெச்ச மாதிரி இருக்கும், அவ்ளோ பெரிய வயிறு அதுக்கு. அதை வாசிக்கிறவங்க ஒரு ஸ்வரத்துக்கு ரெண்டு நரம்பைச் சேத்து இழுப்பாங்க, ஒண்ணு கீழ் ஸ்தாயி, ஒண்ணு மேல் ஸ்தாயி, அதனாலதான் மைக் இல்லாமலே அந்த பேஸ் தெருக்கோடி வரைக்கும் கேக்கும். விரல்ல அதுக்கு எவ்ளோ பலம் வேணும்னு யோசிச்சுப் பாருங்க.

டிரம்பெட் இதுல லேட்டா வந்த விருந்தாளி. மெக்சிகோ சிட்டியில 1930ல ‘எக்ஸ்இடபிள்யூ’ ரேடியோ ஸ்டேஷன் ஆரம்பிச்சது, சினிமாவும் வளந்துச்சு, ரேடியோவுல கணீர்னு கேக்கணும்னு டிரம்பெட் மெல்ல மெல்ல உள்ள வந்துச்சு. 1890கள்ல ஹலிஸ்கோவுல ஆரம்பிச்ச ‘மரியாச்சி வர்காஸ் தே தெகாலித்லான்’ குழுதான் இதுல எல்லாருக்கும் முன்மாதிரி. 1950கள்ல ரெண்டு டிரம்பெட் ஜோடியா நின்னு ஒண்ணுக்கொண்ணு இணையா ஊதுற பாணி நிலைச்சுப் போச்சு. இன்னைக்கு நாம மரியாச்சின்னா கண்ணு முன்னாடி கொண்டு வர்ற வெள்ளிப் பொத்தான் வெச்ச உடுப்பு, அகலத் தொப்பி, ரெண்டு டிரம்பெட், எல்லாம் சேர்ந்த அந்த உருவம் இந்த வழியா வந்ததுதான். 2011ல யுனெஸ்கோ இதை மனித குலத்தோட பண்பாட்டுச் சொத்துன்னு பட்டியல்ல சேத்துச்சு.

இப்போ ‘லோன்லி புல்’லைக் கேளுங்க. வயலின் கூட்டம் முன்னாடி நின்னு பேசல. மாண்டலின் நடுங்கல் இருக்கு, அது மரியாச்சி வாத்தியம் இல்ல. தாளத்துல அமெரிக்க பாப் வாசனை அடிக்குது. அழைப்பு வந்ததோ காளைச் சண்டை பேண்டுல இருந்து, அந்த பேண்டு வாசிக்கிறது ஸ்பெயின்ல இருந்து வந்த ‘பாசோ டோப்ளே’ங்கிற அணிவகுப்பு நடை இசை மரபு. மரியாச்சில இருந்து இங்க நேரா வந்த ஒரே விஷயம் அந்த ரெட்டை டிரம்பெட்டோட சத்தம்தான்.

ரெண்டு டிரம்பெட் ஊதுனது யாரு?

ரெண்டும் ஆல்பர்ட்தான்! எனக்கு இந்தப் பாட்டுல உயிரே இந்த இடம்தான். நான் ரொம்ப நாளு ரெண்டு பேர் பக்கத்துல பக்கத்துல நின்னு ஊதுறாங்கன்னே நெனச்சுட்டு இருந்தேன்.

லெஸ் பால்னு ஒரு கிட்டார் மேதை, 1950கள் தொடக்கத்துல தான் வாசிச்சதுக்கு மேலயே தான் வாசிச்சு, அதுக்கு மேல இன்னொண்ணு, இப்படி அடுக்கடுக்கா ரெக்கார்டு பண்ணி ஒரே ஆளு பத்து கிட்டார் மாதிரி கேக்க வெச்சார். ஆல்பர்ட்டுக்கு அது மேல ஒரு பித்து. கராஜ்ல ரெண்டு டேப் மெஷின் வெச்சிருந்தார். ஒரு மெஷின்ல டிரம்பெட் ஊதிப் பதிவு பண்றது, அப்புறம் அதை ஓட விட்டு அதோட சேர்ந்து மறுபடி ஊதறது, ரெண்டும் கலந்து அடுத்த மெஷின்ல ஏறும். இன்னைக்கு போன்ல ஒரு ஆப் போட்டா ரெண்டு நிமிஷத்துல நடக்குற வேலை. அப்போ ஒரு தப்பு பண்ணா மொத்தத்தையும் முதல்ல இருந்து.

அதுல அவர் கண்டுபிடிச்சது என்னன்னா, அதே ஸ்வரத்தை அதே மாதிரி ரெண்டாவது தடவை ஊதுனா அது ‘சத்தமான ஒரு டிரம்பெட்’டா கேக்கல, வேற ஏதோ ஒரு புது வாத்தியமா கேக்குது. ஏன்னா மனுஷன் ரெண்டு தடவை ஒரே மாதிரி ஊதவே முடியாது. மூச்சு விடுறது ஒரு மயிரிழை முன்னப் பின்ன இருக்கும், சுருதி ஒரு துளி ஏறி இறங்கும், உதட்டோட அழுத்தம் மாறும். அந்தச் சின்னச் சின்ன வித்தியாசம்தான் சத்தத்துக்கு ஒரு பளபளப்பைக் குடுக்குது. ரெண்டு நாதஸ்வரம் ஜோடியா ஒரே சங்கதியைப் பிடிக்கும்போது காத்துல ஒரு அதிர்வு வருமே, அதைக் கேட்டு வளந்தவங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். இங்க கூடுதல் விசேஷம் என்னன்னா ஜோடி வேற ஆள் இல்ல, ஒரே நெஞ்சு, ஒரே உதடு, அதனால குணம் அப்படியே ஒட்டிப் போகும், நேரம் மட்டும் கொஞ்சம் நழுவும். மெட்டோட சில இடத்துல ரெண்டாவது டிரம்பெட் பிரிஞ்சு இணை ஸ்வரத்துக்குப் போகும், அங்கதான் மரியாச்சி ஜோடி டிரம்பெட் ஞாபகம் நமக்கு வருது.

கூட்டத்தோட சத்தம் ஸ்டுடியோல போலியா பண்ணதா?

இல்ல, நெஜமான காளைச் சண்டைக் கூட்டம்தான். லிபர்டி ரெக்கார்ட்ஸ்ல இன்ஜினியரா இருந்த டெட் கீப்ங்கிறவர்கிட்ட டிஹுவானா மைதானத்துல பதிவு பண்ண டேப் இருந்துச்சு, அதைத்தான் எடுத்துக் கலந்தாங்க. என்னைக் கேட்டா இந்தக் கூட்டம் இல்லன்னா பாட்டு பாதிதான். மெட்டு மட்டும் கேட்டா ஒரு அழகான சோக மெட்டு, அவ்ளோதான். அந்த ‘ஓலே’ வந்து விழுந்ததும் உங்களைச் சுத்தி படிக்கட்டு எழும்பிருது, வெயில் அடிக்குது, கீழ மண்ணு தெரியுது. வார்த்தை இல்லாத பாட்டுக்கு ஒரு இடத்தைக் குடுத்தது அந்த டேப்தான்.

இதுக்கு ஒரு சாட்சியும் இருக்கு. பாட்டு வந்த பிறகு ஜெர்மனியில இருந்து ஒரு அம்மா ஆல்பர்ட்டுக்கு லெட்டர் போட்டாங்க, என்னை உக்காந்த இடத்துல இருந்தே டிஹுவானாவுக்குக் கூட்டிட்டுப் போனதுக்கு நன்றின்னு. ஆல்பர்ட் இதைப் பல பேட்டியில சொல்லியிருக்கார். தான் பண்றது காதுக்கு மட்டுமில்ல, கண்ணுக்கும் படம் காட்டணும்னு அந்த லெட்டர் படிச்சப்போதான் பிடிபட்டுச்சாம், அதுக்கப்புறம் பண்ண எல்லா ரெக்கார்டுக்கும் அதுதான் அளவுகோல்.

‘டிஹுவானா பிராஸ்’ குழுவுல யாரெல்லாம் இருந்தாங்க?

1962ல அப்படி ஒரு குழுவே இல்ல. பேரு மட்டும்தான் இருந்துச்சு. டிரம்பெட் ஆல்பர்ட், மத்ததெல்லாம் லாஸ் ஏஞ்சலஸ் ஸ்டுடியோக்கள்ல மணிக்கணக்குக்கு வந்து வாசிச்சுட்டுப் போற தொழில்முறை கலைஞர்கள். பதிவு நடந்தது ஹாலிவுட்ல கான்வேங்கிற ஸ்டுடியோவுல.

ரெக்கார்டு மேல ரெக்கார்டு வந்து, மேடைக்கு வாங்க வாங்கன்னு எல்லாரும் கூப்பிட ஆரம்பிச்ச பிறகுதான் 1960களோட நடுவுல உண்மையான குழுவைச் சேத்தாங்க: கிட்டார்ல ஜான் பிசானோ, டிரம்ஸ்ல நிக் செரோலி, ரெண்டாவது டிரம்பெட்டுக்கு டோனி கலாஷ், டிராம்போன்ல பாப் எட்மண்ட்சன், பேஸ்ல பாட் செனட்டோர், பியானோல லூ பகானி. ரெண்டாவது டிரம்பெட் கண்டிப்பா வேணும், ஏன்னா டேப்புல தன் நிழலோட தானே ஊதலாம், மேடையில முடியாது இல்லையா. இதுல ஒருத்தர்கூட மெக்சிகோ வம்சாவளி இல்ல. ஆல்பர்ட் மேடையிலயே அதைச் சொல்லுவார், நாங்க நாலு லசான்யா, ரெண்டு பேகல், ஒரு அமெரிக்கன் சீஸ்னு. லசான்யா இத்தாலிய சாப்பாடு, பேகல் யூதர்களோட ரொட்டி; ஆக இத்தாலிய வம்சம் நாலு பேர், யூதர் ரெண்டு பேர், மிச்சம் ஒருத்தர்னு அர்த்தம்.

இது மெக்சிகோ இசையைத் திருடுனதா ஆகாதா?

இந்தக் கேள்விக்கு ஆமா இல்லன்னு ஒத்தை வார்த்தையில பதில் சொல்ல எனக்கு மனசு வரல. மெட்டு திருட்டு இல்ல, அது சால் லேக்கோட சொந்த மெட்டு. பாணியை எடுத்துக்கிட்டாங்க, ஒரு ஊரு பேரையும் எடுத்துக்கிட்டாங்க, அந்த ஊரோ அந்த மரபோ பணத்துல பங்கு வாங்கல. அதே லாஸ் ஏஞ்சலஸ்ல மெக்சிகோ வம்சாவளிக் கலைஞர்கள் எத்தனையோ பேர் இருந்தாங்க, இந்த மாதிரி வெளிச்சம் அவங்க மேல விழல, அதை மறைச்சுப் பேசக் கூடாது. பாயில் ஹைட்ஸ் வேற பல இன ஜனங்க கலந்து வாழ்ந்த பகுதி, யூதரும் மெக்சிகோ வம்சாவளியினரும் ஜப்பானிய வம்சாவளியினரும் அக்கம்பக்கமா இருந்த இடம், அதனால அந்த இசை ஆல்பர்ட்டுக்கு வெளிநாட்டுச் சரக்கு இல்லன்னும் சொல்லலாம். என் கருத்து என்னன்னா, ‘லோன்லி புல்’லை ரசிங்க, அது முடிஞ்ச கையோட மரியாச்சி வர்காஸ் பதிவு ஒண்ணையும் போட்டுக் கேளுங்க. அந்த வயலின்களும் கித்தார்ரோனும் எழும்பும்போது எது மூலம், எது சாயல்னு உங்க காதே சொல்லிரும்.

கம்பெனி கதை என்ன? நூறு டாலர்னு ஏதோ சொல்றாங்களே?

ஆமா. ஜெர்ரி மாஸ்ங்கிறவர் நியூயார்க்ல ரெக்கார்டுகளை ரேடியோக்காரங்ககிட்ட கொண்டு போய்ச் சேக்குற புரோமோஷன் வேலை பாத்தவர், கலிபோர்னியாவுக்கு வந்து ஆல்பர்ட்டோட கூட்டு சேர்ந்தார். ஆளுக்கு 100 டாலர் போட்டாங்க, மொத்தம் 200. முதல்ல வெச்ச பேரு ‘கார்னிவல்’, அந்தப் பேர்ல ஏற்கனவே ஒரு கம்பெனி இருந்ததால மாத்த வேண்டியதாப் போச்சு, ஆல்பர்ட்டோட ஏ, மாஸோட எம், ‘ஏ அண்ட் எம் ரெக்கார்ட்ஸ்’. ஆபீஸ் எதுன்னா அதே கராஜ்தான்.

ரெண்டு பேரும் பொருந்துன விதம்தான் இதுல அழகு. ஒருத்தருக்கு ஊதத் தெரியும், சத்தத்தை உருவாக்கத் தெரியும். இன்னொருத்தருக்கு எந்த ஊர்ல எந்த டிஜேகிட்ட போனா ரெக்கார்டு ஓடும்னு தெரியும். பெரிய கம்பெனி பலம் இல்லாத ஒரு ரெக்கார்டு, அதுவும் வரியே இல்லாதது, ஊர் ஊரா ரேடியோ டிஜேக்கள் போட்டுப் போட்டுத்தான் பிடிச்சது. 1962 அக்டோபர் வாக்குல லிஸ்ட்ல ஏற ஆரம்பிச்சு வருஷக் கடைசியில 6வது இடம். டிசம்பர்ல அதே பேர்ல முழு ஆல்பமும் வந்துச்சு, கம்பெனி வரிசை நம்பர் 101, அவங்க போட்ட முதல் எல்பி (முழு நீள இசைத்தட்டு) அதுதான்.

1962ல வாத்திய இசை இவ்ளோ ஓடுமா?

நல்லாவே ஓடுச்சு. அந்த ஒரே வருஷத்துல ‘ஸ்ட்ரேஞ்சர் ஆன் தி ஷோர்’ங்கிற கிளாரினெட் பாட்டும், ‘டெல்ஸ்டார்’ங்கிற எலக்ட்ரானிக் கீபோர்டு பாட்டும் அமெரிக்காவுல முதல் இடத்துக்கே போச்சு. ‘தி வென்ச்சர்ஸ்’ங்கிற கிட்டார் குழு உடனே 1963ல டெல்ஸ்டாரையும் லோன்லி புல்லையும் தலைப்புலயே வெச்சு ஒரு ஆல்பம் போட்டுருச்சு. அதே 1963 மார்ச்ல பாடகர் ஜானி கேஷ் ‘ரிங் ஆஃப் ஃபயர்’ பாட்டை மரியாச்சி மாதிரி டிரம்பெட்டோட பதிவு பண்ணார், அந்த டிரம்பெட் தனக்குக் கனவுல கேட்டதுன்னு அவர் சொன்னார். அந்த ஆறு மாசத்துக்குள்ள அமெரிக்க ரேடியோவுல எல்லைக்கு அந்தப் பக்கத்து டிரம்பெட் வாசனை நல்லாவே அடிச்சிருக்கு.

ஒரே ஹிட்டோட நின்னுட்டாங்களா?

நின்னுருவாங்கன்னுதான் தோணியிருக்கும். அடுத்தடுத்த ரெக்கார்டு முதல் பாட்டு அளவுக்குப் போகல. 1965ல ‘விப்ட் கிரீம் அண்ட் அதர் டிலைட்ஸ்’ ஆல்பம் வந்ததும் எல்லாம் தலைகீழாச்சு. அதுல இருந்த ‘எ டேஸ்ட் ஆஃப் ஹனி’க்கு ‘ரெக்கார்டு ஆஃப் தி இயர்’ கிராமி இசை விருது கிடைச்சது. அதுல ஒரு இடத்துல எல்லாம் நின்னு பேஸ் டிரம் மட்டும் தம் தம் தம்னு வருமே, அது டிரம்மர் ஹால் பிளெய்ன் மத்தவங்க ஒரே நேரத்துல சரியா உள்ள வரணும்னு எண்ணிக்கைக்காக அடிச்சது, அப்படியே வெச்சுட்டாங்க, அதுவே பாட்டோட அடையாளமாப் போச்சு. 1966ல இவங்க ஆல்பம் அஞ்சு ஒரே நேரத்துல டாப் 20க்குள்ள நின்னுச்சு, அந்த வருஷம் மட்டும் 1 கோடியே 30 லட்சம் ரெக்கார்டு வித்துச்சு, பீட்டில்ஸை விட அதிகம்.

கராஜ் கம்பெனி அதே 1966ல சார்லி சாப்ளின் கட்டுன பழைய ஸ்டுடியோ வளாகத்துக்குக் குடி போச்சு, லா பிரேயா அவென்யூவுல. 1985ல ஆப்பிரிக்கப் பஞ்சத்துக்கு நிதி திரட்டப் பண்ண ‘வி ஆர் தி வேர்ல்டு’ பாட்டுக்கு அத்தனை பாடகர்களும் ராத்திரி கூடுனது அங்கதான். ‘கார்பென்டர்ஸ்’, ‘தி போலீஸ்’ மாதிரி பாட்டுக் குழுக்கள் எல்லாம் இந்தக் கம்பெனிதான். 1989ல பாலிகிராம்ங்கிற பெரிய ரெக்கார்டு கம்பெனி இதைக் கிட்டத்தட்ட 50 கோடி டாலருக்கு வாங்குச்சு.

அப்புறம் ஏன் குழு கலைஞ்சது?

1969 வாக்குல ஆல்பர்ட்டால ஊத முடியாமப் போச்சு. கல்யாண வாழ்க்கை உடைஞ்சிட்டு இருந்த நேரம், டிரம்பெட்டை வாயில வெச்சா திக்குவாய் மாதிரி திக்குச்சுன்னு அவரே சொல்லியிருக்கார். உலகமே கொண்டாடுன அந்தச் சத்தம் அவர் உதட்டுல இருந்தே ஓடிப் போச்சு. நியூயார்க்ல கார்மைன் கருசோங்கிற ஆசிரியர்கிட்ட போனார், பிராஸ் கலைஞர்களுக்குப் பேர் போன வாத்தியார், ஆனா அவர் டிரம்பெட் வாசிக்கிறவரே இல்ல. அவர் சொன்னது இதுதான்: டிரம்பெட் வெறும் பித்தளைக் குழாய், வாத்தியம் நீதான். அங்க இருந்து மெல்ல மெல்லத் திரும்பி வந்தார். ஏற்கனவே 1968ல ‘திஸ் கைஸ் இன் லவ் வித் யூ’ பாட்டைப் பாடி முதல் இடம் பிடிச்சவர், 1979ல ‘ரைஸ்’ங்கிற வாத்திய இசைக்கு மறுபடி முதல் இடம் பிடிச்சார். பில்போர்டு ஹாட் 100ல பாடியும் ஊதியும் முதல் இடம் பிடிச்ச ஒரே ஆள் அவர்தான்.

இப்போ இருக்காங்களா?

ஜெர்ரி மாஸ் 2023 ஆகஸ்ட்ல போயிட்டார். ஆல்பர்ட் 2025ல தன்னோட 90வது வயசுல புது ஆளுங்களைச் சேத்து டிஹுவானா பிராஸ் பேர்லயே மேடை ஏறுனார். டிரம்பெட் பிடிச்சவங்களைக் கேளுங்க, 90 வயசுல உதடு நிக்கிறதுங்கிறது எவ்ளோ பெரிய விஷயம்னு சொல்லுவாங்க.

முதல் தடவை கேக்கப் போறேன், எப்படிக் கேக்கலாம்?

போன் ஸ்பீக்கர்ல கேக்காதீங்க, தயவுசெஞ்சு. இயர்போன் போட்டு, ராத்திரி சத்தம் அடங்குன பிறகு. முதல் தடவை சும்மா கேளுங்க. ரெண்டாவது தடவை கூட்டத்தை மட்டும் கேளுங்க, எங்க வருது, எப்போ பின்வாங்குதுன்னு. மூணாவது தடவை மெட்டுல நீளமா இழுத்து நிக்கிற ஒரு ஸ்வரத்தைப் பிடிச்சுக்கிட்டு அதோட முடிவைக் கவனிங்க. ரெண்டு டிரம்பெட்டும் சேர்ந்துதான் தொடங்கும், ஆனா விடும்போது ஒண்ணு ஒரு நூலிழை முன்னாடி நின்னுரும், மத்தது அதுக்கு மேல கொஞ்சம் நீளும். அந்த இடைவெளியில கேக்குறது அவரோட ரெண்டு வேற வேற மூச்சு.